பெர்சியஸ் கொத்தின் நடுவில் வாயு எவ்வளவு கலங்குகிறது? ஒரே ஒரு நிறமாலைக் கோட்டிலிருந்து கணக்குப் போடும் முழு வழிகாட்டி

நொடிக்கு 164 கிலோமீட்டர். ஹிட்டோமி என்ற ஜப்பானியச் செயற்கைக்கோள் 2016-ல் பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தின் நடுப்பகுதியைப் பார்த்துவிட்டுச் சொன்ன எண் இது. அங்கே நிரம்பியிருக்கும் சூடான வாயு, நம் பார்வைக் கோட்டில் முன்னும் பின்னுமாக அலையும் வேகம். இதை வெளியிட்ட ஆய்வாளர்கள் அந்த வாயு 'அமைதியாக' இருக்கிறது என்றுதான் எழுதினார்கள். நொடிக்கு 164 கிலோமீட்டரில் அலைவது எப்படி அமைதியாகும்?

அந்த எண்ணை நாமே ஒரு தடவை கையால் கணக்கிட்டுப் பார்த்தால் அது புரியும். பிளஸ் டூ இயற்பியலும் ஒரு கால்குலேட்டரும் போதும். வழியில் இன்னொன்றும் தெரியவரும்: வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கொந்தளிப்பைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. எவ்வளவு பெரிய சுழல் என்று தெரியாதவரை 164 என்பது பாதித் தகவல்தான்.

படி 1: இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கேலக்ஸிக் கொத்து என்றதும் கேலக்ஸிகள்தான் மனதில் வரும். ஆனால் கொத்தின் நிறையில் அவற்றின் பங்கு சில சதவீதம் மட்டுமே. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருண்ட பொருள். மீதமுள்ளதில் பெரும்பகுதி, கேலக்ஸிகளுக்கு நடுவே பரவிக் கிடக்கும் வாயு. கொத்தின் ஈர்ப்புக் குழிக்குள் விழுந்த வேகத்திலேயே அது கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாகியிருக்கிறது. அவ்வளவு சூட்டில் வாயு எக்ஸ்-கதிரில்தான் ஒளிரும்.

பெர்சியஸ் கொத்து (ஏபெல் 426 என்பது பட்டியல் பெயர்) சுமார் 24 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. எக்ஸ்-கதிரில் பார்த்தால் வானத்திலேயே பிரகாசமான கொத்து இதுதான். நடுவில் என்.ஜி.சி 1275 என்ற பெரிய கேலக்ஸி, அதன் நடுவில் விழித்திருக்கும் ஒரு கருந்துளை. சுற்றியுள்ள வாயுவின் வெப்பநிலை சுமார் 4 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதாவது 4.6 கோடி கெல்வின். அடர்த்தியோ கன சென்டிமீட்டருக்கு நூற்றில் சில எலக்ட்ரான்கள். நாம் சுவாசிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் வெறும் வெற்றிடம்.

தூரங்களைக் கிலோபார்செக்கில் சொல்லப்போகிறேன். ஒன்று 3,260 ஒளியாண்டு. பெர்சியஸ் தூரத்தில், வானில் ஒரு ஆர்க்நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) சுமார் 21 கிலோபார்செக். இந்த 21 பின்னால் தேவைப்படும்.

படி 2: எதற்காக அளக்கிறோம்?

ஒளிரும் பொருள் ஆற்றலை இழக்கிறது, ஆற்றலை இழந்தால் ஆறிப்போக வேண்டும். பெர்சியஸின் உள்மையத்தில் வாயு ஆறுவதற்கு 100 கோடி ஆண்டுகூடத் தேவையில்லை. வெளியே போகப் போக இந்தக் காலம் கூடும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. அப்படியானால் நடுவில் இருக்கும் வாயு எப்போதோ ஆறிச் சுருங்கி, வருடத்துக்கு நூற்றுக்கணக்கான சூரியன்களுக்குத் தேவையான பொருளாக உள்ளே கொட்டியிருக்க வேண்டும்.

அது நடக்கவில்லை. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்.எம்.எம்-நியூட்டன் தொலைநோக்கி இத்தகைய கொத்துகளின் நிறமாலையை எடுத்தபோது, ஆறிக்கொண்டிருக்கும் வாயு காட்டவேண்டிய கோடுகள் எதிர்பார்த்த அளவில் இல்லை. யாரோ அடுப்பை அணையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். யார் என்பதில் பெரிய சந்தேகமில்லை, நடுவில் இருக்கும் கருந்துளைதான். அதிலிருந்து கிளம்பும் தாரைகள் வாயுவைத் தள்ளிக் குமிழிகள் ஊதியிருப்பது 1990-களில் ரோசாட் என்ற எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோள் எடுத்த படங்களிலேயே தெரிந்தது. குமிழிகளில் தேவையான ஆற்றல் இருக்கிறது. அந்த ஆற்றல் குமிழியிலிருந்து வாயுவுக்குள் எப்படி இறங்குகிறது, எப்படி அத்தனை தூரம் பரவுகிறது என்பதுதான் விடை கிடைக்காத கேள்வி. கொந்தளிப்பு அதற்கு ஒரு வேட்பாளர்.

கொந்தளிப்பில் ஆற்றல் கைமாறும் விதத்தை 1941-ல் ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மகோரோவ் எழுதிவைத்தார். பெரிய சுழல் உடைந்து சிறிய சுழல்களாகும், அவை இன்னும் சிறியவையாகும், கடைசியில் உராய்வில் வெப்பமாகும். காபியை ஆற்றும்போது டம்ளரில் நடப்பதும் இதுதான். அங்கே அது ஆறுவதற்கு உதவுகிறது, இங்கே சூடேற்ற உதவலாம் என்பது மட்டும் வேறுபாடு.

படி 3: முதலில் படத்தைப் பாருங்கள்

நிறமாலைக்குப் போகும் முன் சந்திரா தொலைநோக்கி எடுத்த பெர்சியஸ் படத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். குமிழிகள், அவற்றுக்கு வெளியே குளத்தில் கல் எறிந்தாற்போல வளையங்கள். 2003-ல் இந்த வளையங்களை ஒலி அலைகள் என்று விளக்கினார்கள். அலை ஒன்று கடக்கச் சுமார் 1 கோடி ஆண்டு ஆகும். பியானோவின் நடு ஸ்வரத்துக்கு 57 ஸ்தாயி கீழே இருக்கும் ஒரு சுருதி என்று செய்தித்தாள்கள் எழுதியது இதைத்தான்.

அந்தத் தொலைநோக்கிக்குப் பெயர் தந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்களின் நிறை வரம்புக்காகவே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். 1940-களின் கடைசியில் அவர் ஆழமாக இறங்கிய பொருள் கொந்தளிப்பு, 1949-ல் அதைப் பற்றியே ஒரு முக்கியமான சொற்பொழிவும் நிகழ்த்தினார் என்பது பலருக்குத் தெரியாது. பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

படத்திலிருந்தே வேகத்தை ஊகிக்கும் வழியும் உண்டு. வாயுவின் பிரகாசம் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே பிரகாசத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து அடர்த்தியின் ஏற்ற இறக்கம் கிடைத்துவிடும். அடுக்கடுக்காக அமைந்த வாயுவைக் கலக்கினால், அடர்த்தி எத்தனை சதவீதம் மாறுகிறதோ கிட்டத்தட்ட அத்தனை சதவீதம் ஒலி வேகத்தில் வாயு அசைகிறது என்று கணினி உருவகங்கள் சொல்கின்றன. 2014-ல் பெர்சியஸுக்கும் விர்கோ என்ற இன்னொரு கொத்துக்கும் இப்படிக் கணக்கிட்டு, கொந்தளிப்பு தரும் வெப்பம் ஆறுதலை ஈடுகட்டப் போதுமானது என்று காட்டினார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது வேகத்தின் நிழலை அளப்பது. வேகத்தை நேராக அளக்க வேறு கருவி வேண்டும்.

படி 4: கருவியை நம்புவதற்கு முன் அதன் கதை

வேகத்தை நேராக அளக்க டாப்ளர் விளைவுதான் வழி. இரும்பு அணு உமிழும் ஒரு கோடு 6,700 எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. அங்கே 1 எலக்ட்ரான் வோல்ட் நகர்ந்தால் நொடிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் என்று பொருள். சந்திராவில் இருக்கும் சி.சி.டி. என்ற கேமரா உணரி இந்த ஆற்றலில் 130 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைவான அகலத்தைப் பிரித்துக் காட்டாது. 45-ஐ 130-ஆல் பெருக்கிப் பாருங்கள், நாம் தேடும் வேகம் எந்த மூலைக்கு?

இதற்குத்தான் நுண்கலோரிமானி. ஒரு எக்ஸ்-கதிர் ஃபோட்டான் சிறிய துண்டு ஒன்றில் மோதுகிறது. துண்டு துளியூண்டு சூடாகிறது. சூட்டை அளந்தால் ஃபோட்டானின் ஆற்றல் கிடைத்துவிடும். கேட்க எளிது, ஆனால் ஒரு ஃபோட்டான் கொண்டுவரும் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? ஒரு ஜூல் ஆற்றலைக் கோடியால் வகுத்து, மறுபடி கோடியால் வகுத்து, இன்னொரு முறை பத்தால் வகுத்தால் வருவது. அது தெரியவேண்டுமென்றால் துண்டு தனிச்சுழிக்கு மேல் 0.05 கெல்வினில் இருக்க வேண்டும். அதற்குத் திரவ ஹீலியத்தை விண்வெளிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கொண்டுபோன கதை சோகம். 2000 பிப்ரவரியில் அஸ்ட்ரோ-இ ஏவப்பட்டது, ராக்கெட் கோளாறில் சுற்றுப்பாதைக்கே போகவில்லை. 2005 ஜூலையில் அதன் மறுபதிப்பாக சுசாகு மேலே போனது. ஆகஸ்டிலேயே ஹீலியம் முழுவதும் கசிந்து, கலோரிமானி ஒரு வான்பொருளைக்கூடப் பார்க்காமல் முடங்கியது. மூன்றாவது முயற்சி 2016 பிப்ரவரி 17-ல் கிளம்பிய ஹிட்டோமி. ஜப்பானிய மொழியில் கண்ணின் பாவை என்று பொருள். ஒரு மாதம் அருமையாக வேலை செய்தது. மார்ச் 26-ல் நிலைக்கட்டுப்பாடு தவறி, தன்னைத்தானே வேகமாகச் சுழற்றிக்கொண்டு உடைந்தது. அதற்குள் பெர்சியஸைப் பார்த்து முடித்திருந்தார்கள் என்பது அதிர்ஷ்டம். நம் 164 அந்தச் சில நாள் தரவிலிருந்து வந்தது.

நான்காவது, 2023 செப்டம்பரில் போன எக்ஸ்ரிஸம். இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் ரிசால்வ் கருவியில் 6-க்கு 6 பிக்சல், ஒவ்வொன்றும் அரை ஆர்க்நிமிடம். மொத்தப் பார்வை 3 ஆர்க்நிமிடம், பெர்சியஸில் அறுபது கிலோபார்செக்குக்குக் கொஞ்சம் மேல். இதிலும் ஒரு குறை: கருவியின் முன்னால் இருக்கும் பாதுகாப்புக் கதவு திறக்கவில்லை. அதிலுள்ள பெரிலியம் சன்னல் வழியாகத்தான் கதிர் உள்ளே வர வேண்டியிருக்கிறது. சுமார் 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே எதுவும் தெரியாது. இரும்புக் கோடு அதற்கு எவ்வளவோ மேலே இருப்பதால் நமக்குப் பாதிப்பில்லை.

படி 5: தரவும் அளவுத் திருத்தமும்

ஹிட்டோமி, எக்ஸ்ரிஸம் தரவுகள் ஜாக்ஸா (ஜப்பானிய விண்வெளி நிறுவனம்), நாசா காப்பகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாசா வழங்கும் ஹீசாஃப்ட் மென்பொருளை லினக்ஸ் கணினியில் நிறுவினால் போதும். நிறமாலைப் பொருத்தத்துக்கு அதிலேயே எக்ஸ்ஸ்பெக் இருக்கிறது. நிறுவுவதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும், மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

தரவைத் திறந்ததும் உயர் பிரிதிறன் தரமுள்ள நிகழ்வுகளை மட்டும் வடிகட்டுங்கள். ஒரே பிக்சலில் இரண்டு ஃபோட்டான் அடுத்தடுத்து விழுந்தால் சூடு கலந்து ஆற்றல் தப்பாக வரும், அவற்றைத் தள்ளிவிட வேண்டும். எக்ஸ்ரிஸத்தில் 27-ம் எண் பிக்சல் சொன்னபடி கேட்காது, பெரும்பாலும் எல்லோரும் அதை விலக்கிவிடுகிறார்கள்.

அப்புறம் ஆற்றல் அளவுகோல். கலோரிமானியின் வெப்பநிலை லேசாக மாறினாலும் அளவுகோல் நழுவும். அதனால் கதிரியக்க இரும்பு-55 வைத்து அடிக்கடி சரிபார்க்கிறார்கள். அது உமிழும் மாங்கனீசுக் கோடு எங்கே விழவேண்டும் என்பது நமக்கு முன்பே தெரியும். 0.3 எலக்ட்ரான் வோல்ட் பிசகினாலே நொடிக்கு 13 கிலோமீட்டர் பிழை.

பலர் மறக்கும் திருத்தம் ஒன்று உண்டு. பூமி சூரியனை நொடிக்கு 30 கிலோமீட்டரில் சுற்றுகிறது. பெர்சியஸை பிப்ரவரியில் பார்ப்பதும் ஆகஸ்டில் பார்ப்பதும் ஒன்றல்ல. நானும் முதல் முறை இதை விட்டுவிட்டு, கொத்தின் வாயு முழுக்க எங்கேயோ கிளம்பிப் போவதாக ஒரு மாலை முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

படி 6: கோட்டைத் தேர்ந்தெடுங்கள்

இரும்பு ஏன்? கனமான அணு என்பதால். வெப்பத்தால் ஒவ்வொரு அணுவும் துடிக்கும், அந்தத் துடிப்பும் கோட்டை அகலப்படுத்தும். அணு கனமாக இருந்தால் துடிப்பின் வேகம் குறைவு, ஆனால் சுழல் இழுத்துப்போகும் வேகம் எல்லா அணுவுக்கும் ஒன்றுதான். கனமான அணுவில் சுழல் பளிச்சென்று தெரியும். தவிர, 4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வாயுவில் இரும்பு தன் 26 எலக்ட்ரான்களில் 24-ஐ இழந்து, மிச்சமிருக்கும் இரண்டோடு வலுவான கோடுகளை உமிழ்கிறது.

அவை நான்கு கோடுகளாக அருகருகே நிற்கும். 6,700-ல் ஒத்ததிர்வுக் கோடு, 6,637-ல் தடைசெய்யப்பட்ட கோடு, நடுவே 6,682-லும் 6,668-லும் இரண்டு சிறியவை. பெர்சியஸின் செம்பெயர்ச்சி 0.0176 என்பதால் நம் நிறமாலையில் ஒத்ததிர்வுக் கோடு 6,584-க்குப் பக்கத்தில் தெரியும். சி.சி.டி.யில் இந்த நான்கும் ஒரே மேடாகத்தான் இருந்தன. ஹிட்டோமி நிறமாலையில் நான்கும் தனித்தனியாக நிற்பதைப் பார்த்தபோது, கண்ணாடி போட்டதும் பேருந்தின் எண் பலகை தெரிந்த முதல் நாள் ஞாபகம் வந்தது.

படி 7: நடுவும் அகலமும்

கோட்டில் இரண்டு தகவல் இருக்கிறது. ஒன்று, கோட்டின் நடு எங்கே இருக்கிறது என்பது. மற்றது, கோடு எவ்வளவு அகலம் என்பது.

தேர் இழுக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் மொத்தமாகத் தேரோடு நகர்கிறது, அது நடுவின் நகர்வு. அதே சமயம் கூட்டத்துக்குள் ஒருவர் முந்துகிறார், ஒருவர் பின்தங்குகிறார், ஒருவர் செருப்பைத் தேடித் திரும்புகிறார். அது அகலம். முதலாவதை மொத்த ஓட்டம் என்றும் இரண்டாவதை வேகப் பரவல் என்றும் சொல்வோம். கொந்தளிப்பு என்று நாம் தேடுவது பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

மொத்த ஓட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிக்சல்களை நான்கைந்து பகுதிகளாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவைக் கண்டுபிடித்து ஒப்பிடுங்கள். ஹிட்டோமி குழு 60 கிலோபார்செக் அகலத்துக்குள் நொடிக்கு 150 கிலோமீட்டர் வித்தியாசம் கண்டது (பிழை வரம்பு 70). எப்போதோ இன்னொரு சிறிய கொத்து பக்கத்தில் கடந்துபோக, ஈர்ப்புக் குழிக்குள் வாயு பக்கவாட்டில் தளும்புவதால் இப்படி ஆகலாம். நிறைகுடம் தளும்பாது என்பார்கள், கொத்துகளுக்கு அது பொருந்தாது. ஒரு தடவை இடித்தால் சில நூறு கோடி ஆண்டு தளும்பிக்கொண்டே இருக்கும்.

படி 8: அகலத்தை உடைத்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான கணக்கு. பேனாவை எடுங்கள்.

கோட்டின் மொத்த அகலம், திட்ட விலக்கமாக, 4.6 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொள்வோம் (ஹிட்டோமியின் முடிவுக்குப் பொருந்தும்படி நான் எடுத்துக்கொண்ட எண்). இதில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு. மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்பதால் நேராகக் கழிக்கக் கூடாது, வர்க்கங்களைத்தான் கழிக்க வேண்டும்.

முதல் பங்கு கருவியுடையது. ஹிட்டோமியின் பிரிதிறன் பாதி உயரத்தில் 4.9 எலக்ட்ரான் வோல்ட் முழு அகலம். திட்ட விலக்கமாக்க 2.355-ஆல் வகுத்தால் 2.08. வர்க்கம் 4.33.

இரண்டாவது, வெப்பத் துடிப்பு. இரும்பு அணுவின் நிறையை ஆற்றலாகச் சொன்னால் சுமார் 5.2 கோடி கிலோ எலக்ட்ரான் வோல்ட். வெப்பநிலை 4-ஐ அதனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், ஒளி வேகத்தின் மடங்காக 0.000277, அதாவது நொடிக்கு 83 கிலோமீட்டர். கோட்டில் இது 1.86 எலக்ட்ரான் வோல்ட். வர்க்கம் 3.46.

4.6-ன் வர்க்கம் 21.16. அதில் 4.33-யும் 3.46-யும் போனால் 13.37. வர்க்கமூலம் 3.66. இதை 6,700-ஆல் வகுத்து ஒளி வேகத்தால் பெருக்குங்கள்: நொடிக்கு 164 கிலோமீட்டர்.

உண்மையான ஆய்வில் இப்படிக் கையால் கழிப்பதில்லை. எக்ஸ்ஸ்பெக்கில் சூடான வாயுவின் நிறமாலையை வேகப் பரவலோடு கணிக்கும் ஏபெக் வகை மாதிரியைக் கொடுத்து, எல்லாக் கோடுகளையும் ஒரே நேரத்தில் பொருத்துவார்கள். சில எண்ணிக்கை மட்டுமே உள்ள சேனல்களும் இருக்கும் என்பதால் பொருத்தத்தைச் சோதிக்க கை-வர்க்க (chi-square) அளவுக்குப் பதில் சி-புள்ளிவிவரம் (C-statistic) நல்லது. ஆனால் முதல் தடவை கையால் செய்யாமல் அங்கே போகாதீர்கள். கருவியின் பங்கைத் தப்பாகக் கொடுத்தால் விடை எப்படி ஆடும் என்பது கையால் செய்தவருக்குத்தான் உறைக்கும். 2.08-க்குப் பதில் 2.3 போட்டுப் பாருங்கள்.

படி 9: வேகத்தை அழுத்தமாக மாற்றுங்கள்

4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வாயுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1,030 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 164 என்பது ஒரு திசையில் மட்டும். மூன்று திசையிலும் ஒரேபோல என்று கொண்டு மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 284. ஒலி வேகத்தோடு ஒப்பிட்டால் 0.28 மாக்.

அழுத்தத்துக்கு, 164-ன் வர்க்கத்தை ஒலி வேகத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஐந்தில் மூன்றால் வகுங்கள் (அதாவது 1.667-ஆல் பெருக்குங்கள்). 0.042 வரும். வாயுவின் வெப்ப அழுத்தத்தில் 4 சதவீதம்தான் கொந்தளிப்பின் அழுத்தம். 'அமைதி' என்று ஏன் எழுதினார்கள் என்பது இப்போது தெரிந்திருக்கும். கருந்துளை குமிழி ஊதிக்கொண்டிருக்கும் இடத்தில் இன்னும் பெரிய எண்ணைப் பலர் எதிர்பார்த்தார்கள்.

கொத்தின் எடையைப் போடுகிறவர்களுக்கு இது நல்ல சேதி. வாயுவின் அழுத்தமும் ஈர்ப்பும் சமநிலையில் இருப்பதாக வைத்துத்தான் எடை போடுகிறார்கள். நடுப்பகுதியிலாவது கொந்தளிப்பு அந்தக் கணக்கைப் பெரிதாகக் கெடுக்காது.

படி 10: வேகத்தை வெப்பமாக மாற்றுங்கள்

ஆரம்பத்தில் சொன்ன பாதித் தகவல் இங்கேதான் வருகிறது.

கொந்தளிப்பின் ஆற்றல் வாயுவின் வெப்ப ஆற்றலில் 4.2 சதவீதம். வாயு 100 கோடி ஆண்டில் தன் வெப்பம் முழுவதையும் இழக்கும் என்று எடுத்துக்கொண்டால், கொந்தளிப்பு அதை ஈடுகட்ட வேண்டுமானால் 4.2 கோடி ஆண்டுக்கு ஒரு முறை தன் ஆற்றல் முழுவதையும் வெப்பமாகக் கொட்டி, மறுபடி நிரம்ப வேண்டும்.

அப்படிக் கொட்டுமா? ஒரு சுழல் உடைய ஆகும் நேரம், அதன் அளவை முப்பரிமாண வேகத்தால் (படி 9-ன் 284) வகுத்தால் கிடைக்கும் நேரம்தான். சுழல் 10 கிலோபார்செக் என்றால் 3.4 கோடி ஆண்டு: போதும், மிச்சமும் இருக்கிறது. 20 கிலோபார்செக் என்றால் 6.9 கோடி: கொஞ்சம் பற்றாது. 100 என்றால் 34 கோடி: தேவையில் எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும். வேகம் அதே 164. அடுப்பு எரிகிறதா அணைகிறதா என்பதை முடிவு செய்வது சுழலின் அளவு. இந்தக் கணக்குகளில் ஒன்று இரண்டு மடங்கு முன்பின் இருக்கும், அதனால் 10-க்கும் 20-க்கும் சண்டை போடாதீர்கள். 10-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் மட்டும் உண்மையானது.

படி 11: எங்கே ஏமாறுவோம்

சுழலின் அளவை ஒற்றைக் கோட்டிலிருந்து எடுக்க முடியாது. பார்வைக் கோட்டில் இருக்கும் வாயு முழுவதும் ஒரே கோட்டில் வந்து கலந்துவிடுகிறது. ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பெரிய ஓட்டங்கள், எதிரெதிர்த் திசையில் போனால், நமக்கு அகலமான கோடாகத்தான் தெரியும். கொத்தின் நட்டநடுவில் இந்த ஆபத்து குறைவு. அங்கே வாயு அடர்த்தியாக இருப்பதால் வரும் ஒளியில் பெரும்பங்கு சின்ன இடத்திலிருந்து வருகிறது. வெளியே நகர நகர, ஒளி நீளமான பாதையிலிருந்து வரும், பெரிய சுழல்களும் அகலத்தில் சேர்ந்துகொள்ளும். ஆகவே மையத்திலிருந்து விலக விலக அகலம் எப்படி மாறுகிறது என்பதில் சுழல் அளவின் துப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு புள்ளி போதாது, வரைபடம் வேண்டும்.

அடுத்தது கண்ணாடியின் மங்கல். எக்ஸ்ரிஸத்தின் ஆடி ஒரு புள்ளியை ஒரு ஆர்க்நிமிடத்துக்கு மேல் பரப்பிவிடுகிறது. பிரகாசமான நடுவிலிருந்து ஒளி பக்கத்துப் பிக்சல்களில் ஒழுகும். திருத்தாமல் விட்டால், பக்கத்து வீட்டுச் சத்தத்தை நம் வீட்டுச் சத்தம் என்று எழுதிவிடுவோம்.

மூன்றாவது ஏமாற்று, கொஞ்சம் யோசித்தால் உதவியாகவே மாறிவிடும். ஒத்ததிர்வுக் கோட்டின் ஃபோட்டான் வெளியேறும் வழியில் இன்னொரு இரும்பு அயனியால் விழுங்கப்பட்டு வேறு திசையில் துப்பப்படலாம். அதனால் நடுவில் அந்தக் கோடு மங்கும், அகலமும் மாறும். 164-ஐக் கணக்கிடும்போது இந்தக் கோட்டை எச்சரிக்கையோடு கையாள வேண்டிய காரணம் இதுதான். ஆனால் வாயு கலங்கினால் அயனிகளின் வேகம் ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஃபோட்டான் தப்பித்துவிடும். எவ்வளவு மங்குகிறது என்பதே எவ்வளவு கலங்குகிறது என்பதற்கு இன்னொரு அளவு. ஹிட்டோமி தரவில் உள்மையத்தில் இந்தக் கோடு சுமார் 1.3 மடங்கு மங்கியிருந்தது. அதிலிருந்து வரும் வேகம், கோட்டின் அகலம் சொல்லும் வேகத்தோடு ஒத்துப்போகிறது. இரண்டு வேறு வழியில் போய் ஒரே ஊரில் சந்திப்பதுபோல. எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் பிடித்த பகுதி இது.

படி 12: ஆற்றல் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது?

4.2 கோடி ஆண்டுக்கு ஒரு முறை நிரம்ப வேண்டும் என்றோம். அந்த நேரத்தில் நொடிக்கு 164 கிலோமீட்டரில் ஒரு சுழல் எவ்வளவு தூரம் போகும்? 7 கிலோபார்செக். முப்பரிமாண வேகத்தை எடுத்தாலும் 12. ஆனால் ஆறிக்கொண்டிருக்கும் வாயு 50 கிலோபார்செக்குக்கு அப்பாலும் இருக்கிறது. கருந்துளைக்குப் பக்கத்தில் கிளம்பிய கொந்தளிப்பு வழியிலேயே செத்துவிடும். ஒலி அலையோ அதே நேரத்தில் 44 கிலோபார்செக் போய்விடும். சந்திரா படத்தில் பார்த்த வளையங்களை ஹிட்டோமிக்குப் பிறகு மறுபடி தூசு தட்டி எடுத்ததற்கு இதுதான் காரணம். அல்லது குமிழிகள் மேலெழும்பிப் போகும் வழியெல்லாம் அந்தந்த இடத்திலேயே வாயுவைக் கலக்கிவிட்டுப் போகலாம்.

எக்ஸ்ரிஸம் பெர்சியஸின் நடுவிலிருந்து வெளிநோக்கி, குளிர்மையம் (சீக்கிரம் ஆறக்கூடிய நடுப்பகுதி) முழுவதையும் வரைந்து, 2025-ல் முடிவைச் சொன்னது. வாயுவைக் கலக்குகிறவர்கள் குறைந்தது இரண்டு பேர். உள்ளே சுமார் 60 கிலோபார்செக்குக்குள் சிறிய அளவில் கலக்குவது ஒருவர், பெரும்பாலும் கருந்துளை. வெளியே பெரிய அளவில் கலக்குவது கொத்துகளின் மோதல். உள்ளே கிடைக்கும் வெப்பம் வெளியே கிடைப்பதைவிடக் குறைந்தது பத்து மடங்கு. படி 10-ல் நாம் போட்ட கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை: சின்னச் சுழல் சீக்கிரம் உடையும். உள்மையத்தைப் பொறுத்தவரை கொந்தளிப்பு வலுவான வேட்பாளர்தான் என்று எனக்குப் படுகிறது. வெளிப்புறத்துக்கு வேறு யாரையாவது தேட வேண்டும், அங்கே ஒலி அலைகளை நான் இன்னும் கைவிடவில்லை.

எல்லாக் கொத்தும் பெர்சியஸ் போல இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சென்டாரஸ் கொத்தின் நடுவில் எக்ஸ்ரிஸம் கண்டது, நொடிக்கு 130 முதல் 310 கிலோமீட்டர் வரை மொத்த ஓட்டம். வேகப் பரவலோ 120-ஐத் தாண்டவில்லை. கூட்டம் தேரோடு ஓடுகிறது, உள்ளே நெரிசல் குறைவு. அங்கே கதை பெரும்பாலும் தளும்பல்தான்.

படி 13: நீங்களே ஒன்று செய்து பாருங்கள்

ஏபெல் 2029 என்ற கொத்தின் நடுவில் எக்ஸ்ரிஸம் அளந்த வேகப் பரவல் நொடிக்கு 169 கிலோமீட்டர். பெர்சியஸின் 164-க்கு மிகப் பக்கம். ஆனால் கொந்தளிப்பின் அழுத்தப் பங்கு 4 அல்ல, 2.6 சதவீதம் என்று வெளியிட்டிருக்கிறார்கள். படி 9-ஐத் தலைகீழாகப் போட்டு அந்த வாயுவின் வெப்பநிலையைக் கண்டுபிடியுங்கள். பெர்சியஸுக்கு 4 வந்த இடத்தில் இங்கே 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். வரவில்லையென்றால் முதலில் 169-ஐ வர்க்கம் எடுத்தீர்களா என்று பாருங்கள்.